பொண்ணுக்கு மேல் முன்பல் ரெண்டு பிறவியிலேயே இல்ல: கிளிப்பா, பிரிட்ஜா, இம்ப்ளான்ட்டா?

கேள்வி: வணக்கம் டாக்டர். என் பொண்ணுக்கு 13 வயசு, எட்டாவது படிக்கிறா. மேல நடுவுல இருக்கிற பெரிய பல்லு ரெண்டுக்கும் பக்கத்துல வர வேண்டிய பல்லு ரெண்டு பக்கமும் வரவே இல்ல. வலது பக்கம் பால்பல்லு இன்னும் விழாம லேசா ஆடிக்கிட்டு இருக்கு, இடது பக்கம் சந்து. எக்ஸ்ரே எடுத்துட்டு உள்ள பல்லே இல்லன்னு சொல்லிட்டாங்க. ஒரு டாக்டர் மேல் பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கு, கீழ் வரிசை நல்லா இருக்கு, கிளிப் போட்டு சந்தை மூடிடலாம்ங்கறார். இன்னொருத்தர் சந்தை இன்னும் பெருசாக்கி வச்சிருந்து 18 வயசுல இம்ப்ளான்ட் போடலாம்ங்கறார். எங்க ஊர்லயே ஒருத்தர் அதெல்லாம் வேணாம், பக்கத்து பல்லை லேசா தேச்சு பத்தே நாள்ல பிரிட்ஜ் போட்டுடலாம்ங்கறார். மாமியார் நான் மாசமா இருந்தப்போ கிரகணத்துல வெளிய போனதுதான் காரணம்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. எனக்கு அப்போ டைபாய்டு வந்து மாத்திரையும் சாப்பிட்டேன், அதனாலயா? என் நாத்தனாருக்கும் அதே இடத்துல ஒரு பல்லு சின்னதா கூரா இருக்கும். இவ ஸ்கூல் போட்டோவுல வாயே திறக்க மாட்டேங்கறா, சிரிச்சா கைய வச்சு மூடிக்கிறா. சின்னவனுக்கு 8 வயசு, அவனுக்கும் இப்படி வருமா? எதை பண்றதுன்னு சொல்லுங்க. - கரூர் பக்கத்துல இருந்து ஒரு அம்மா.

பதில்:

வணக்கம்மா. நீங்க கேட்ட வரிசையில சொல்லாம, அவசரமா தடுக்க வேண்டியதை முதல்ல சொல்லிடறேன். அந்த பத்து நாள் பிரிட்ஜ் வேணாம். யார் சொன்னாலும், எவ்ளோ கம்மி ரேட்டுக்கு போட்டு தர்றேன்னாலும் இந்த வயசுல வேணாம். அவர் "லேசா தேச்சு"ன்னு சொல்றது கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா பிரிட்ஜுன்னா பக்கத்து பல்லுங்க மேல கேப் மாட்டி நடுவுல செயற்கை பல்லை தாங்க வைக்கறது, அதுக்கு அந்த பல்லுங்களோட எனாமலை சுத்திலும் வழிச்சு எடுக்கணும், ரெண்டு பக்கமும் பல்லு இல்லாததால நடு பல்லு ரெண்டு, கோரைப்பல்லு ரெண்டு, ஆக ஒரு சொத்தை கூட இல்லாத நாலு பல்லு போச்சு. 13 வயசுல பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு அறை பெரியவங்களுக்கு இருக்கிறதை விட பெருசா, மேல் பரப்புக்கு கிட்டவே இருக்கும். தேய்க்கும்போது நரம்பு பக்கம் போயிட்டா அடுத்து ரூட் கெனால், அப்புறம் அந்த பல்லே பலவீனம். பிரிட்ஜும் ஆயுசுக்கும் நிக்கிற சாமான் இல்ல, பத்து பதினஞ்சு வருஷத்துல மாத்த வேண்டி வரும், ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் உள்ள இருக்கிற பல்லு இன்னும் கொஞ்சம் குறையும், இவளுக்கு நாப்பது வயசு ஆகுறப்போ அந்த நாலு பல்லும் என்ன கதியில இருக்கும்னு நினைச்சு பாருங்க. தாடை இன்னும் வளர்ந்துகிட்டு இருக்கு, பல்லுங்க இன்னும் இறங்கிகிட்டு இருக்கு, அதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்து பூட்டு போடுற வேலையை இப்ப யாரும் செய்யக்கூடாது.

ரெண்டாவது, அந்த கிரகணம். இதை நான் உங்களுக்காக எழுதல, உங்க மாமியாருக்கு படிச்சு காட்டறதுக்காக எழுதறேன். பல்லு முளைக்கறதுக்கு தாடைக்குள்ள ஒரு மொட்டு உருவாகணும், அது உருவாகணும்னு சொல்ற வேலையை சில ஜீன்கள் செய்யுது, எம்எஸ்எக்ஸ்1, பிஏஎக்ஸ்9, டபிள்யூஎன்டி10ஏ இப்படி பல பேர் இருக்கு. அதுல எங்கயாவது ஒரு மாறுதல் இருந்தா மொட்டு உருவாகறதே இல்ல, இல்லன்னா உருவாகி சின்னதா நின்னுடும். உங்க நாத்தனாருக்கு இருக்கிற அந்த கூரான சின்ன பல்லு இருக்கு பாருங்க, அதுவும் இதே விஷயம்தான், அவங்களுக்கு அரைகுறையா வந்திருக்கு, உங்க பொண்ணுக்கு வரவே இல்ல. ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கு பல்லு இல்லாமலும் இன்னொருத்தருக்கு கூராவும் இருக்கறது நாங்க அடிக்கடி பாக்கறதுதான். ஆக இது கிரகணம் வழியா வரல, அநேகமா உங்க வீட்டுக்காரர் குடும்பத்து வழியாத்தான் வந்திருக்கு, இதையும் மாமியார்கிட்ட சொல்றதா வேணாமாங்கறதை உங்க இஷ்டத்துக்கு விட்டுடறேன். டைபாய்டு மாத்திரையாலயும் இல்ல. சின்ன குழந்தையா இருக்கும்போதே கேன்சருக்கு கீமோ, ரேடியேஷன் எடுத்தவங்களுக்கு பல்லு உருவாகாம போறது உண்டு, அது வேற கதை. நீங்க எதுவும் தப்பு பண்ணலம்மா.

ஞானப்பல்லை கணக்குல சேக்காம பாத்தாலும், ஒண்ணு ரெண்டு பல்லு பிறவியிலேயே இல்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க. அதுல கீழ் ரெண்டாவது பிரிமோலாரும் (கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவுல இருக்கிற பல்லு), இவளுக்கு இல்லாத இந்த மேல் பக்க முன்பல்லும்தான் அதிகமா இல்லாம போகுற பல்லு. ஆம்பளை பசங்களை விட பொண்ணுங்களுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. ஆறு பல்லும் அதுக்கு மேலயும் இல்லன்னா அப்பதான் நாங்க வேற ஏதாவது இருக்கான்னு தேடுவோம், முடி ரொம்ப மெல்லிசா இருக்கா, வேர்வையே வராம வெயில்ல தவிக்குதா, நகம் சரியா இருக்கான்னு. உங்க பொண்ணுக்கு ரெண்டே ரெண்டுதான்னா அந்த கவலை வேணாம். நீங்க போன்ல தேடினா பல்லு இல்லாதவங்களுக்கு குடல் கேன்சர் வரும்னு ஒண்ணு கண்ணுல படும், பயந்துடாதீங்க, அது 2004ல ஃபின்லாந்துல ஒரு குடும்பத்துல ஏஎக்ஸ்ஐஎன்2ங்கற ஜீன்ல கண்டுபிடிச்சது, அவங்களுக்கெல்லாம் குறைஞ்சது எட்டு நிரந்தர பல்லாவது இல்ல. ரெண்டு பல்லு இல்லாத குழந்தைக்கும் அதுக்கும் முடிச்சு போடாதீங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். மிச்சம் இருக்கிற ரெண்டு டாக்டரும் சொன்னது ரெண்டுமே சரியான வைத்தியம்தான். ஒருத்தர் ஏமாத்தறார் இன்னொருத்தர் நல்லவர்னு நினைச்சுக்காதீங்க. எது உங்க பொண்ணுக்கு பொருந்தும்ங்கறது அந்த ரெண்டு பல்லை வச்சு முடிவாகாது, மத்த பல்லெல்லாம் எப்படி கடிக்குது, மூஞ்சியோட பக்கவாட்டு அமைப்பு எப்படி இருக்கு, அவளோட கோரைப்பல்லு என்ன நிறம் என்ன ஷேப், இதை வச்சுத்தான் முடிவாகும். நீங்க எழுதினதுல எனக்கு ரொம்ப உபயோகமா இருந்த வரி "மேல் பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கு, கீழ் வரிசை நல்லா இருக்கு"ங்கறதுதான்.

சந்தை மூடறதுன்னா என்னன்னா, கோரைப்பல்லை முன்னாடி இழுத்துட்டு வந்து இல்லாத பல்லோட இடத்துல நிறுத்தறது, அதுக்கு பின்னாடி இருக்கிற முதல் பிரிமோலாரை கோரைப்பல்லோட இடத்துக்கு கொண்டு வர்றது, இப்படி வரிசையே ஒரு பல்லு முன்னாடி நகரும். மேல் பல்லு தூக்கலா இருக்கிற பிள்ளைங்களுக்கு இந்த சந்து ஒரு வகையில அதிர்ஷ்டம், ஏன்னா தூக்கலை உள்ள தள்றதுக்கு சாதாரணமா ரெண்டு நல்ல பல்லை எடுத்துட்டு அந்த இடத்தை உபயோகப்படுத்துவோம், இவளுக்கு அந்த இடம் ஏற்கனவே இருக்கு. கீழ் வரிசை நெரிசல் இல்லாம இருந்தா அங்க கை வைக்கவே வேணாம். அதே சமயம் கீழ் தாடை முன்னாடி வந்திருக்கிற பிள்ளைக்கோ மேல் உதடு ஏற்கனவே தட்டையா இருக்கிற பிள்ளைக்கோ இதை செஞ்சா மூஞ்சி இன்னும் உள்ள போன மாதிரி ஆயிடும், அவங்களுக்கு இது சரிப்படாது. இப்பெல்லாம் எலும்புல சின்ன ஸ்க்ரூ வச்சு இழுக்கறாங்க, அதனால முன் பல்லை உள்ள தள்ளாமலே பின் பல்லை மட்டும் முன்னாடி கொண்டு வர முடியும், முன்ன இருந்த அளவு கட்டுப்பாடு இப்ப இல்ல.

ஆனா கோரைப்பல்லை கொண்டு வந்து நிறுத்திட்டா மட்டும் வேலை முடியாது, இங்கதான் நிறைய பேர் பாதி வேலையில விட்டுட்டு போயிடறாங்க, அப்புறம் "நடுவுல ரெண்டு பல்லு, ரெண்டு பக்கமும் நாய்ப்பல்லு"ன்னு கேலிக்கு ஆளாகி திரும்ப வர்றாங்க. கோரைப்பல்லு தடிமனா இருக்கும், நுனி கூரா இருக்கும், பக்கத்து பல்லை விட ஒரு சாயல் மஞ்சளா இருக்கும், ஈறு கோடும் கொஞ்சம் மேல ஏறி இருக்கும். அதனால கிளிப் போட்டிருக்கும்போதே அந்த பல்லை கொஞ்சம் கீழ இறக்கி ஈறு கோட்டை சரி பண்ணணும், பிரிமோலாரை கொஞ்சம் மேல ஏத்தணும், நுனியை கொஞ்சம் கொஞ்சமா தட்டையாக்கி, ஓரங்கள்ல காம்போசிட், அதாவது பல்லு நிறத்துல ஒட்டற பொருள், வச்சு ஷேப் கொண்டு வரணும், நிறம் ரொம்ப வித்தியாசமா இருந்தா பின்னாடி அந்த பல்லுக்கு மட்டும் பிளீச்சிங். கேக்கவே பெரிய வேலையா தெரியுதுல்ல, ஆனா எல்லாம் முடிஞ்சா அவ வாயில இருக்கிறது பூரா அவளோட சொந்த பல்லு. 15, 16 வயசுல முடிஞ்சுடும், காலேஜ் போறதுக்கு முன்னாடி. வயசாக ஆக ஈறு இறங்கினா எல்லா பல்லுக்கும் சேந்து இறங்கும், ஒரு பல்லு மட்டும் தனியா காட்டிக் கொடுக்காது. காம்போசிட் ஓரம் எப்பயாவது உடையும், போய் ஒட்டிக்கணும், அவ்ளோதான் செலவு. பிரிமோலார் வந்து கோரைப்பல்லு இடத்துல நின்னா மெல்ல முடியுமா, தாடை மூட்டு வலி வருமான்னு கேப்பாங்க, ஸ்வீடன்ல 2000ல வந்த ஒரு ஆய்வுல சந்து மூடினவங்களையும் செயற்கை பல்லு வச்சவங்களையும் வருஷக்கணக்குக்கு அப்புறம் கூப்பிட்டு ஒப்பிட்டு பாத்தாங்க, மூட்டு விஷயத்துல ரெண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்ல, ஈறு ஆரோக்கியமும், பல்லு எப்படி தெரியுதுங்கறதுல அவங்கவங்க திருப்தியும் மூடினவங்களுக்குத்தான் நல்லா இருந்தது. அந்த காலத்து செயற்கை பல்லு இப்ப இருக்கிற தரம் இல்லங்கறதையும் சேத்து சொல்லிடறேன், இல்லன்னா ஒரு தலைப்பட்சமா ஆயிடும்.

இப்ப இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள்ள ஒரு ஸ்க்ரூ மாதிரி வச்சு அது மேல செயற்கை பல்லு மாட்டறது. இதுல எனக்கு கோவம் வர்ற ஒரே விஷயம் அந்த "18 வயசு". ஓட்டு போடுறதுக்குத்தான் 18, தாடைக்கு அந்த கணக்கு தெரியாது. உங்க தெருவுல ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டு மேலயே தார் ஊத்தி ஊத்தி ஒசத்திட்டே போறாங்கல்ல, கடைசில வீடு அதே இடத்துல இருந்தும் பள்ளத்துல போன மாதிரி ஆயிடுதுல்ல, இம்ப்ளான்ட்டுக்கு நடக்கறதும் அதான். சாதாரண பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு மெல்லிசு நார் படலம் இருக்கும், அதனால பல்லு வளர்ச்சியோட சேந்து நகரும், இறங்கும். இம்ப்ளான்ட்டு டைட்டானியம், எலும்போட நேரா ஒட்டிக்கும், அது நகரவே நகராது. பக்கத்து பல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிட்டே வரும்போது இது மட்டும் மேல நின்னுடும், சிரிச்சா அந்த ஒரு பல்லு குட்டையா தெரியும், ஈறு கோடும் ஏறி இறங்கி இருக்கும், அதை கழட்டி கொஞ்சம் கீழ வைக்கலாம்னா முடியாது. பொண்ணுங்களுக்கு வளர்ச்சி பசங்களை விட சீக்கிரம் நிக்கும்தான், ஆனா நின்னுடுச்சான்னு பாக்க ஒரு வருஷ இடைவெளியில ரெண்டு தடவை பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பாக்கணும், மாத்தமே இல்லன்னாதான் கிட்ட போகணும். அதுக்கு அப்புறமும் முழுசா நிக்காது. ஜெனீவாவுல 2004ல வெளியிட்ட ஒரு ஆய்வுல 40, 50 வயசுல இம்ப்ளான்ட் வச்சவங்களுக்கும் பக்கத்து பல்லு இறங்கி இருக்கறதை அளந்து காட்டினாங்க, ஆளுக்கு ஆள் அளவு மாறுதே தவிர மாத்தம் இருக்கு. அதனால முன்பல்லுக்கு மட்டும் நான் இருபத்தஞ்சு தாண்டட்டும்னுதான் சொல்வேன், முப்பதுன்னா இன்னும் சந்தோஷம். இம்ப்ளான்ட்டை நான் குறை சொல்லல, 1965ல ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல பிரானமார்க்ங்கற டாக்டர் டைட்டானியம் இம்ப்ளான்ட் வச்ச முதல் ஆளே பிறவியிலேயே பல்லு சரியா உருவாகாம தாடை குறையோட இருந்த ஒருத்தர்தான், 2006ல அவர் சாகுற வரைக்கும் அது வேலை செஞ்சுது. சாமான் நல்ல சாமான், வைக்கிற வயசுதான் கேள்வி.

இடமும் ஒரு கேள்வி. இந்த பக்க முன்பல்லு வாயிலேயே ஒல்லியான பல்லுல ஒண்ணு, மேல்வரிசையில இதான் ரொம்ப ஒல்லி, சுமாரா 6.5 மில்லிமீட்டர் அகலம். இம்ப்ளான்ட்டுக்கும் பக்கத்து வேருக்கும் நடுவுல ஒவ்வொரு பக்கமும் ஒண்ணரை மில்லிமீட்டராவது எலும்பு விடணும், ஆக மூணு, மூணரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒல்லி இம்ப்ளான்ட்டுதான் போகும், அதுவும் மேல தெரியிற சந்து மட்டும் போதாது, எலும்புக்குள்ள வேருங்களும் விலகி இருக்கணும். கிளிப் கழட்டினதுக்கு அப்புறம் வருஷக்கணக்கா காத்திருக்கும்போது மேல சந்து அப்படியே இருக்கும், உள்ள வேருங்க மெல்ல சாஞ்சு கிட்ட வந்துடும், இம்ப்ளான்ட் வைக்க வர்றப்போ மறுபடியும் கிளிப் போடணும்னு சொல்லுவாங்க. இதை முன்கூட்டியே யாரும் சொல்றதில்ல.

அப்போ சந்து மூட முடியாதுன்னு முடிவானா 13ல இருந்து 25 வரைக்கும் என்ன பண்றது? இங்கதான் உங்களுக்கு யாருமே சொல்லாத நாலாவது வழி ஒண்ணு இருக்கு, மேரிலேண்ட் பிரிட்ஜ். இதுல பக்கத்து பல்லை சுத்தி தேய்க்கறது கிடையாது. செயற்கை பல்லுல இருந்து ஒரு மெல்லிசு இறக்கை நீட்டி இருக்கும், அதை பக்கத்து பல்லோட பின்பக்கம், வெளிய தெரியாத இடத்துல, எனாமல் மேல ரெசின் சிமென்ட் வச்சு ஒட்டிடறது. அமெரிக்காவுல மேரிலேண்ட் யுனிவர்சிட்டியில 1980களோட ஆரம்பத்துல இதை உருவாக்கினாங்க, அதனால அந்த பேரு. அப்ப உலோக இறக்கை, பல்லு வழியா கருப்பா நிழல் அடிக்கும், ரெண்டு பக்கமும் ரெண்டு இறக்கை வச்சாங்க, ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போகும், ஆனா இன்னொரு பக்கம் பிடிச்சிருக்கறதால கழண்டு விழாது, நமக்கு தெரியாமலே விட்டுப்போன பக்கம் சொத்தை அரிச்சுடும். அதனால இதுக்கு கெட்ட பேரு, இன்னிக்கும் சில டாக்டருங்க "அது நிக்காது"ன்னு தள்ளிடறாங்க. இப்ப நடக்கறது வேற, சிர்கோனியாங்கற வெள்ளை பீங்கான்ல ஒரே ஒரு இறக்கை. ஜெர்மனில கீல் நகரத்துல இதை பல வருஷமா கண்காணிச்சிருக்காங்க, பத்து வருஷத்துல நூத்துக்கு 98 வாயிலேயே இருந்துது, சிலது விட்டுப்போச்சு, திரும்ப ஒட்டினா சரி. வளர்ற பிள்ளைக்கு இதுல இருக்கிற பெரிய வசதி என்னன்னா ஒரே பல்லை பிடிச்சுகிட்டு இருக்கறதால அந்த பல்லு எங்க போகுதோ இதுவும் கூடவே போகும், பள்ளத்துல போகாது. ஆனா நடு பல்லு ரெண்டும் முழுசா இறங்கி நிலைச்சிருக்கணும், கடி ரொம்ப ஆழமா இருக்கக்கூடாது, கீழ் பல்லு இறக்கை மேல இடிச்சா நிக்காது. ஒட்டறதும் ரப்பர் டேம்ங்கற மெல்லிசு ரப்பர் விரிப்பை போட்டு எச்சில் படாம, சிர்கோனியாவை மணல் வீச்சுல சொரசொரப்பாக்கி, அதுக்குன்னு இருக்கிற ப்ரைமர் போட்டு செய்யணும், சும்மா சாதாரண சிமென்ட்ல ஒட்டி அனுப்பினா ஒரு கரும்பு கடிச்சா வந்துடும். கேக்கறப்போ "ஒரு இறக்கையா ரெண்டு இறக்கையா"ன்னு கேளுங்க. எனக்கு தெரிஞ்ச நிறைய பேர் இம்ப்ளான்ட் வரைக்கும் தாங்கட்டும்னு இதை போட்டுட்டு அப்புறம் இம்ப்ளான்ட் பக்கமே போகல.

உங்க பொண்ணு விஷயத்துக்கு நான் என்ன செய்வேன்னு கேட்டா, நீங்க எழுதினதை மட்டும் வச்சு சொல்றதா இருந்தா, மூடறது பக்கம்தான் சாய்வேன். தூக்கல் இருக்கு, கீழ் வரிசை நல்லா இருக்கு, இடது பக்கம் வெறும் சந்தா இருந்திருக்கறதால கோரைப்பல்லு தானாவே கொஞ்சம் முன்னாடி வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. கோரைப்பல்லு ரொம்ப பெருசா, ரொம்ப மஞ்சளா இருந்தா மட்டும் மறுபடி யோசிக்கணும். ஆனா பாக்காம இதை முடிவா எடுத்துக்காதீங்க. ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்ட, அதாவது கிளிப் போடுறதுலயே மேல்படிப்பு படிச்சவங்ககிட்ட போங்க, ஓபிஜி (எல்லா பல்லும் ஒரே படத்துல தெரியிற எக்ஸ்ரே), பக்கவாட்டு எக்ஸ்ரே, பல்லு அச்சு எடுத்த மாவு மாடல் மூணும் எடுக்க சொல்லுங்க. அந்த மாடல்லயே பல்லை வெட்டி நகத்தி மெழுகுல ஒட்டி "மூடினா இப்படி இருக்கும், திறந்தா இப்படி இருக்கும்"னு செஞ்சு காட்ட சொல்லுங்க, இப்ப சிலர் கம்ப்யூட்டர்லயே காட்டறாங்க. அதை உங்ககிட்ட காட்டறதை விட அவகிட்ட காட்டணும். 13 வயசு பொண்ணு, வாய் அவளோடது, ரெண்டு வருஷம் கிளிப் போட்டு தேய்ச்சு கழுவி ரப்பர் மாட்டப் போறது அவதான். கூடவே முன்பல் அழகு வேலை செய்யிற ஒரு டாக்டரும் ஆரம்பத்துலயே பாக்கட்டும், கிளிப் கழட்டின அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா கோரைப்பல்லு ஈறு கோடு விஷயம் கோட்டை விட்டுடுவாங்க.

போட்டோவுக்கு வாய் திறக்க மாட்டேங்கறான்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்க வேணாம். இடம் திறக்கற வழின்னா கிளிப் போட்ட கொஞ்ச மாசத்துலயே சந்துல ஒரு செயற்கை பல்லை கம்பியிலேயே கட்டி விடலாம், பாக்கறவங்களுக்கு கிளிப் மட்டும்தான் தெரியும். மூடற வழின்னாலும் சந்து சுருங்க சுருங்க அந்த பல்லையும் தேய்ச்சு சின்னதாக்கிட்டே வரலாம், செஞ்சு தர்றாங்களான்னு கேளுங்க, கேட்டாதான் செய்வாங்க. கிளிப் கழட்டினதும் எந்த வழியா இருந்தாலும் பின்பக்கம் ஒரு மெல்லிசு கம்பி ஒட்டி வைப்பாங்க, நடு பல்லு ரெண்டும் விலகாம இருக்க அது பல வருஷத்துக்கு இருக்கணும், "எப்ப எடுப்பீங்க"ன்னு டாக்டரை தொல்லை பண்ணாதீங்க.

செலவு பத்தி நீங்க எதுவும் கேக்கல, ஆனா எல்லாருக்கும் அதுதான் மனசுல இருக்கும். இம்ப்ளான்ட் வழின்னா கிளிப் செலவு, நடுவுல தற்காலிக பல்லு, அப்புறம் ஸ்கேன், எலும்பு குறைஞ்சிருந்தா எலும்பு வைக்கிற ஆபரேஷன், ரெண்டு இம்ப்ளான்ட், ரெண்டு கேப், எல்லாம் சேந்துதான் கணக்கு, "இம்ப்ளான்ட் இவ்ளோ"ன்னு ஒரு நம்பரை மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. முடியாதவங்க டெண்டல் காலேஜ் போகலாம், சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி ரெண்டுலயும் ஆர்த்தோ டிபார்ட்மென்ட் இருக்கு, தனியார் டெண்டல் காலேஜ்லயும் வெளிய விட கம்மியா ஆகும். மேல்படிப்பு படிக்கிற பிள்ளைங்க செய்வாங்க, பின்னாடி ப்ரொபசர் நின்னு பாப்பார், வேலை நல்லா இருக்கும், ஆனா மாசா மாசம் போய் வரணும், லீவு போட்டு காத்திருக்கணும். கல்யாண தேதியை வச்சு இம்ப்ளான்ட் தேதியை பிளான் பண்ணாதீங்க, அதுக்குத்தான் பாதி பேர் 19, 20லயே அவசரப்பட்டு வச்சுட்டு அப்புறம் வருத்தப்படறாங்க.

அந்த ஆடற பால்பல்லை வீட்ல நூல் கட்டி இழுத்துடாதீங்க, அது இருக்கிற வரைக்கும் அந்த இடத்து எலும்பை காப்பாத்திக்கிட்டு இருக்கு, மூடறதா திறக்கறதான்னு முடிவான அப்புறம் எப்ப எடுக்கணும்னு ஆர்த்தோ டாக்டர் சொல்லுவார். தானா விழுந்துட்டா பயப்படவும் வேணாம். சின்னவனுக்கு 8 வயசுன்னீங்க, அந்த பக்க முன்பல்லு எட்டு ஒம்போது வயசுல வர வேண்டியது, அக்காவுக்கு ஓபிஜி எடுக்க போகும்போதே அவனையும் கூட்டிட்டு போய் ஒண்ணு எடுத்துடுங்க. அதுல பக்க முன்பல்லு மட்டும் இல்ல, கோரைப்பல்லு சரியான பாதையில இறங்குதான்னும் பாக்க சொல்லுங்க, ஏன்னா இந்த மாதிரி குடும்பத்துல கோரைப்பல்லு அண்ணம் பக்கம் திரும்பி மாட்டிக்கறது ஜாஸ்தி, பத்து பதினோரு வயசுல தெரிஞ்சா பால் கோரைப்பல்லை எடுத்து விட்டாலே பல பேருக்கு வழிக்கு வந்துடும்.